ஸர்க் எல்லையில் திரும்பிய கலீபா



நெடுநாளாக நீங்கள் எண்ணியிருந்த பயணம் ஒன்று கைகூடி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கட்டியாயிற்று. கொடுக்க வேண்டிய கடன்களைக் கொடுத்தாயிற்று. உற்றார் உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் பிழை பொறுக்கும்படி கேட்டாயிற்று. இஹ்ராம் துணி மடித்து வைக்கப்பட்டுப் பெட்டியின் மேல் இருக்கிறது. புறப்படுவதற்கு இன்னும் பத்தே நாட்கள். அவ்வேளையில் செய்தி வருகிறது: நீங்கள் போகவிருக்கும் ஊரில், அல்லது போகும் வழியில், தொற்றுநோய் பரவிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் அன்றிரவே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். இறைவனின் இல்லத்தை நாடிச் செல்பவருக்கு என்ன நேர்ந்துவிடப் போகிறது, விதிக்கப்பட்டது எங்கிருந்தாலும் வந்தே தீரும், பயப்படுவது ஈமானின் குறையல்லவா என்பார் ஒருவர். உடன் வரும் வயது முதிர்ந்த தாயாரை நினைத்துப் பாருங்கள், திரும்பி வந்து கொஞ்சப்போகும் பேரக்குழந்தைகளை நினைத்துப் பாருங்கள் என்பார் மற்றொருவர். கட்டிய பணம் திரும்புமா என்ற கவலையும் ஒரு மூலையிலிருந்து மெல்லத் தலைநீட்டும். இவற்றிற்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நீங்கள் என்ன முடிவு செய்வீர்கள்?

இக்கேள்வி இன்று புதிதாகப் பிறந்ததன்று. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பாலைவன வழித்தங்கலில், இஸ்லாமியப் பேரரசின் தலைவராயிருந்த ஒருவர் இதே கேள்வியின் முன் நின்றார். அவர் என்ன முடிவு செய்தார் என்பதைப் பலரும் அறிவர். எப்படி முடிவு செய்தார் என்பதைத்தான் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

பதின்மூன்று நாள் வழி வந்த பிறகு

இரண்டாம் கலீபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். ஷாம் என்பது இன்றைய சிரியா, பாலஸ்தீனம், ஜோர்தான், லெபனான் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய பெருநிலம். அது புதிதாக முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்திருந்த காலம். படைகளைக் காண வேண்டும், நிர்வாகத்தைச் சீர்செய்ய வேண்டும், மக்களின் குறைகளைக் கேட்க வேண்டும். வீண் பயணம் அன்று. உல்லாசப் பயணமும் அன்று. கடமையின் பொருட்டு மேற்கொண்ட பயணம்.

ஹிஜாஸுக்கும் ஷாமுக்கும் இடையிலான எல்லையில், தபூக் செல்லும் வழியில், ஸர்க் என்றோர் ஊர் இருந்தது. மதீனாவிலிருந்து பதின்மூன்று மர்ஹலாக்கள், அதாவது பதின்மூன்று நாள் ஒட்டகப் பயணத் தொலைவு என்று விரிவுரையாளர்கள் குறிப்பர். அங்கே கலீபாவை எதிர்கொள்ள ஷாமின் படைத் தளபதிகள் வந்திருந்தனர். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி). அவர்கள் கொண்டுவந்த செய்தி இதுதான்: ஷாமில் கொள்ளைநோய் தோன்றிவிட்டது.

பாலஸ்தீனத்தில் ரம்லாவுக்கும் ஜெருசலத்துக்கும் இடையிலிருந்த அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் வரலாறு அதனை அம்வாஸ் கொள்ளைநோய் என்று வழங்குகிறது. ஹிஜ்ரி 18, கிறிஸ்தவ ஆண்டில் 639. இருபத்தையாயிரம் பேர் அதில் மாண்டனர் என்பது பழைய வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு.

அடுத்து நிகழ்ந்தவற்றை உடனிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் ஹதீஸ் தொகுப்புகளிலும் அது இடம்பெற்றுள்ளது.

கலீபா முதலில் தொடக்ககால முஹாஜிர்களை அழைத்துவரச் சொன்னார்கள். மக்காவைத் துறந்து வந்த மூத்த தோழர்கள் அவர்கள். அவர்களுக்குள்ளே கருத்து பிளந்தது. ஒரு காரியத்திற்காகப் புறப்பட்டு வந்தீர்கள், அதைவிட்டுத் திரும்புவது தகாது என்றனர் சிலர். எஞ்சியிருக்கும் நல்லோரும் நபிகளாரின் தோழர்களும் உங்களுடன் இருக்கிறார்கள், அவர்களை இந்நோயின் வாயில் கொண்டுபோய் நிறுத்துவது சரியென்று எங்களுக்குத் தோன்றவில்லை என்றனர் வேறு சிலர். கலீபா அவர்களை அனுப்பிவிட்டு அன்ஸாரிகளை அழைத்தார்கள். அவர்களும் அதே வழியில் இரண்டாகப் பிரிந்தனர். அவர்களையும் அனுப்பிவிட்டு, மக்கா வெற்றியை ஒட்டி ஹிஜ்ரத் செய்த குறைஷிப் பெரியவர்களை வரவழைத்தார்கள். வயதும் உலக அனுபவமும் மிக்க அவர்களுள் இருவர்கூட மாறுபடவில்லை. மக்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள் என்று ஒரே குரலாகக் கூறினர்.

சற்றே நின்று சிந்தியுங்கள். இஸ்லாத்தில் முந்தியவர்கள் என்ற சிறப்பு முதலிரு சாராருக்கு உண்டு. மூன்றாவதாக வந்தவர்களுக்கு அந்தச் சிறப்பு இல்லை. ஆயினும் கொள்ளைநோய் என்பது அனுபவம் கண்ட முதியோரின் அறிவுக்கும் உரிய பொருள் என்று கலீபா கருதியிருக்க வேண்டும். நம் நாளில் அந்த மூன்றாவது இருக்கையில் மருத்துவரை அமர்த்தலாம் என்று சொன்னால் அது பிழையாகாது. ஆனால் நாமோ, பயணம் பற்றிய ஐயம் எழுந்தால் நம்மைப் போலவே நினைப்பவர் யாரென்று தேடிப்பிடித்து, அவரிடம் மட்டுமே யோசனை கேட்கிறோம்!

விடியற்காலையில் நான் வாகனமேறித் திரும்பப் போகிறேன், நீங்களும் அவ்வாறே செய்யுங்கள் என்று கலீபா அறிவித்தார்கள்.

இரண்டு கரைகளும் அவனுடையவை

அப்போதுதான் எழுந்தது அந்தக் கேள்வி. கேட்டவர் சாமானியர் அல்லர். இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று அண்ணலாரால் சிறப்பிக்கப்பெற்ற அபூ உபைதா (ரலி). அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அவர் வினவினார்.

உமர் (ரலி) அவர்களுக்கு அது வலித்தது. வேறு யாரேனும் இதைக் கேட்டிருக்கலாகாதா என்று ஏங்கினார்கள். அபூ உபைதாவுடன் மாறுபடுவதை அவர்கள் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆயினும் மறுமொழி தயங்காமல் வந்தது. ஆம், அல்லாஹ்வின் விதியொன்றிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் பொருள்பட விடையிறுத்துவிட்டு, மேய்ப்பன் ஒருவனின் உவமையைக் கூறினார்கள். ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு நீர் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறீர். அதன் ஒரு கரை பசுமையாயிருக்கிறது. மறுகரை வறண்டு கிடக்கிறது. பசுங்கரையில் மேய்த்தாலும் அது இறைவன் விதிப்படியே; வறண்ட கரையில் மேய்த்தாலும் அது இறைவன் விதிப்படியே அல்லவா என்று கேட்டார்கள்.

ஒட்டகத்தோடு பிறந்து ஒட்டகத்தோடு வாழ்ந்த மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு கரைகளும் இறைவனுடையவைதாம். அதற்காக எந்த மேய்ப்பனும் வறண்ட கரையில் ஒட்டகங்களை ஓட்டிவிட்டு, அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவதில்லை. அவனை நம்பி வந்த வாயில்லாப் பிராணிகள் பசியால் மடியுமே! உவமையில் ஒட்டகங்கள் இருப்பதைக் கவனியுங்கள். மேய்ப்பன் தனியாளாக அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கவில்லை. கலீபாவும் தனியாளாக ஸர்க் வரவில்லை. நீங்களும் தனியாளாகப் பயணம் போகப் போவதில்லை. தனியாகப் போனாலும் தனியாகத் திரும்பி வரப்போவதில்லை. நோயின் துணையோடு வந்துவிடவும் கூடும்.

விவாதம் இவ்வாறு நிகழ்ந்துகொண்டிருக்கையில், ஏதோ ஒரு தேவைக்காகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து சேர்ந்தார். இதைப் பற்றி என்னிடம் அறிவு இருக்கிறது என்றார். ஒரு நாட்டில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்வியுற்றால் அங்கே செல்லலாகாது என்றும், தாம் இருக்கும் நாட்டிலேயே அது தோன்றிவிட்டால் அதற்கு வெருண்டு அங்கிருந்து வெளியேறலாகாது என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதைத் தாம் செவியேற்றதாகத் தெரிவித்தார். உமர் (ரலி) அவர்கள் இறைவனைப் புகழ்ந்தார்கள். திரும்பிச் சென்றார்கள்.

நிகழ்ச்சியின் வரிசையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். நபிமொழி கடைசியில்தான் வருகிறது. அத்துணைப் பெரிய தோழர்கள் கூடியிருந்தும், அந்த ஒரு மொழி அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெளிவான ஆதாரம் கையில் கிட்டும்வரை முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுகிறேன் என்று கலீபா சொல்லவில்லை. மூன்று முறை கலந்தாலோசித்தார்கள், தம் அறிவைச் செலுத்தினார்கள், மக்களின் உயிரை முன்வைத்தார்கள், முடிவு செய்தார்கள். முடிவு செய்த பிறகே அண்ணலாரின் வாக்கு வந்து அதன்மேல் முத்திரையிட்டது.

அந்த மொழிக்கு இரண்டு பாதிகள்

திரும்பிய உமரோடு பலரும் கதையை முடித்துவிடுகின்றனர். திரும்பாத ஒருவரும் அக்கதையில் இருக்கிறார். அவரை விட்டுவிட்டால் நபிமொழியின் பாதியை விட்டவர்களாவோம்.

அபூ உபைதா (ரலி) ஸர்க்கிலிருந்து ஷாமுக்கே மீண்டார்கள். அவர்களுடைய படையும் மக்களும் அங்கே இருந்தனர். நோய் முற்றுவதை அறிந்த கலீபா மதீனாவிலிருந்து ஒரு கடிதம் எழுதினார்கள். முக்கியமான ஒரு காரியம் பற்றி நேரில் பேச வேண்டியிருக்கிறது, கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வரவும் என்பது அதன் செய்தி. படித்ததும் அபூ உபைதாவுக்கு விளங்கிவிட்டது. தம்மைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று கலீபா துடிக்கிறார்கள்! தங்கள் தேவையை அறிந்துகொண்டேன். ஆனால் நான் முஸ்லிம்களின் படையில் ஒருவன். அவர்களைவிட என்னை மேலாக எண்ணிப் பிரிந்து வர மனமில்லை. என்னை விட்டுவிடுங்கள் என்னும் கருத்தில் பதில் எழுதினார்கள்.

அம்மடலைப் படித்துக் கலீபா அழுதார்கள். அபூ உபைதா மரணமெய்திவிட்டாரோ என்று அருகிலிருந்தோர் கேட்டனர். இல்லை, ஆனால் ஆகிவிட்டது போலத்தான் என்று உமர் (ரலி) கூறினார்களாம். பிறகு மீண்டும் ஒரு கடிதம் எழுதினார்கள். மக்களைத் தாழ்ந்த, ஈரம் மிகுந்த நிலத்தில் தங்கவைத்திருக்கிறீர். மேடான, நல்ல காற்றுள்ள இடத்துக்கு அவர்களைக் கொண்டு செல்வீராக என்பது அதன் ஆணை. அக்கட்டளையை நிறைவேற்ற முயலும்போதே அபூ உபைதா (ரலி) நோய்வாய்ப்பட்டு மறைந்தார்கள். ஜோர்தான் பள்ளத்தாக்கில் அவர்களுடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

அவர்களுக்குப்பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களையும் அதே நோய் கொண்டுபோயிற்று. அடுத்து வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி), இந்நோய் நெருப்பைப் போலப் பற்றுகிறது, மலைகளுக்குச் சென்று பிரிந்து பிரிந்து தங்குங்கள் என்று மக்களிடம் கூறினார். அதைக் கடுமையாக எதிர்த்தவரும் உண்டு. ஆயினும் மக்கள் கலைந்து மலைகளில் தங்கினர், நோயும் அகன்றது. செய்தி கேட்ட கலீபா இச்செயலை வெறுக்கவில்லை என்று வரலாறு கூறுகிறது. (நாட்டைவிட்டு ஓடுவது வேறு, நாட்டுக்குள்ளேயே நெரிசலைக் குறைத்துக்கொள்வது வேறு என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.)

ஆகவே, ஒரே நபிமொழி ஒருவரைத் திரும்பிப் போகச் சொன்னது. மற்றொருவரை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னது. திரும்பியவர் கோழையும் அல்லர். இருந்தவர் அறியாதவரும் அல்லர். நீங்கள் எல்லைக்கு இப்பால் நிற்கிறீர்களா, அப்பால் நிற்கிறீர்களா என்பதே முதற்கேள்வி. நோயில்லாத ஊரில் இருந்துகொண்டு நோயுள்ள ஊருக்குப் போக நினைப்பவர் உமரின் இடத்தில் நிற்கிறார். நோயுள்ள ஊரிலிருந்து சொந்த ஊருக்கு ஓடிவரத் துடிப்பவர் அபூ உபைதாவின் இடத்தில் நிற்கிறார். பின்னவரின் நிலை நிச்சயமாகக் கடினமானது. ஆனால் உடலில் எந்த அறிகுறியும் தோன்றாதபோதே ஒருவர் நோயைச் சுமந்து செல்லக்கூடும் என்பதை 2020 ஆம் ஆண்டின் கொரோனா நமக்கு வீடுதோறும் கற்பித்துவிட்டது. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று கிளம்பியவர் எத்தனை பேர்!

இதில் ஒரு நுட்பத்தையும் மார்க்க அறிஞர்கள் காட்டுவர். நோய்க்கு வெருண்டு வெளியேறுவதுதான் தடுக்கப்பட்டது. உண்மையான வேறு தேவைக்காகச் செல்பவர் அந்தத் தடையில் சேரார் என்பது அவர்களிற் பலருடைய கருத்து. அதை இன்று எடுத்தாள்வோர், தம் தேவையைத் தாமே அளக்கும்போது கோல் சற்று நீண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது நலம். நோயுற்றோருக்குச் சிகிச்சையளிக்கச் செல்லும் மருத்துவரும் செவிலியரும் பிறிதொரு வகையினர். அவர்கள் பயணம் ரத்துச் செய்யப்பட வேண்டியதன்று; துஆச் செய்து வழியனுப்பப்பட வேண்டியது.

வணக்கத்திற்கான பயணமாயிற்றே!

இவ்வளவும் சரி, உமர் (ரலி) சென்றது ஆட்சிப் பணிக்காக, நான் போவதோ கஅபாவை நாடியல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். குர்பானி ஒட்டகங்களும் உடன் வந்தன. மக்காவின் வாயிலுக்கு அருகே ஹுதைபிய்யாவில் குறைஷியர் தடுத்தனர். உடன்படிக்கை ஏற்பட்டது: இவ்வாண்டு திரும்பிவிட வேண்டும், அடுத்த ஆண்டு வரலாம். தடுத்தது நோயன்று, பகைவர்தாம். ஆயினும் இறையில்லத்தை ஏறக்குறைய எட்டிவிட்டுத் திரும்புவது எத்தகைய வேதனை என்பதை அங்கே காணலாம். குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுங்கள் என்று அண்ணலார் கட்டளையிட்டும் தோழர்கள் அசையவில்லை. உயிரையே கொடுக்கச் சித்தமாயிருந்தவர்கள் துயரத்தால் எழ முடியாதிருந்தனர். கூடாரத்தினுள் சென்ற நபியவர்களுக்கு அன்னை உம்மு ஸலமா (ரலி) ஓர் ஆலோசனை சொன்னார்கள்: யாரிடமும் ஒன்றும் பேசாமல் சென்று தாங்களே தங்கள் ஒட்டகத்தை அறுங்கள், முடியைக் களையுங்கள். அண்ணலார் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் எழுந்தனர். அடுத்த ஆண்டு அந்த உம்ரா நிறைவேறியது.

பயணம் நின்றுபோனதற்காகக் கண்ணீர் விடுபவரே, உங்கள் துயரம் ஈமானின் குறையன்று. ஆயிரத்து நானூறு தோழர்கள் உங்களுக்கு முன்னே அந்த மணலில் அப்படி அமர்ந்திருந்தார்கள்.

ஹஜ்ஜுக்கு வழி பாதுகாப்பாக இருத்தல் வேண்டும் என்பது மார்க்கச் சட்ட நூல்கள் வகுத்த நிபந்தனைகளுள் ஒன்று. சென்று சேர ஆற்றல் பெற்றோர் மீதே இறைமறை அக்கடமையை விதித்தது. இன்னொரு சலுகையும் உண்டு. நம்மில் பலர் அறியாதது. துபாஆ (ரலி) என்னும் பெண்மணி, ஹஜ்ஜுக்குச் செல்ல விரும்புகிறேன், ஆனால் நோயுற்றிருக்கிறேன் என்று அண்ணலாரிடம் முறையிட்டார். எந்த இடத்தில் தடைப்படுகிறேனோ அந்த இடத்தில் இஹ்ராமிலிருந்து விடுபடுவேன் என்று நிபந்தனையிட்டுக்கொண்டு புறப்படும்படி அவருக்குக் கூறப்பட்டது. ஐயத்துக்குரிய காலத்தில் புறப்படுவோர் தம் ஊர் ஆலிமிடம் இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது பயன்தரும். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே இதில் வேறுபாடுகள் உள்ளன.

நோயாளியே வணக்கத்துக்கு வந்தால்? இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. தொழுநோயுற்ற ஒரு பெண் கஅபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தார். உமர் (ரலி) அவர்கள் அவரைக் கண்டு, மக்களுக்குத் துன்பம் ஏற்படாதவாறு வீட்டிலேயே இருந்துகொள்ளலாமே என்று கூறினார்கள். அப்பெண் வீட்டிலிருந்துவிட்டார். உமர் மறைந்தபின் ஒருவர் வந்து, உன்னைத் தடுத்தவர் போய்விட்டார், இனி நீ வெளியே வரலாம் என்றார். உயிரோடிருந்தபோது கீழ்ப்படிந்துவிட்டு, இறந்தபின் மாறு செய்பவள் நானல்லள் என்று அம்மாது சொல்லிவிட்டார். (இன்று தொழுநோய் மருந்தால் முற்றும் தீரக்கூடியது, எளிதில் தொற்றுவதுமன்று. அந்நோயாளரை ஒதுக்குவதற்கு இந்நிகழ்ச்சியை யாரும் சான்றாக்க வேண்டா. பிறர்க்கு இடர் நேரலாகாது என்று தவாஃபையே விட்டுக்கொடுத்த அந்த உள்ளத்தைத்தான் பார்க்க வேண்டும்.)

வணக்கத்திற்காகக் கூடினால் நோய் அணுகாது என்ற எண்ணத்துக்கு மறுப்பாக அமைவது கெய்ரோவின் அனுபவம். புகாரிக்குப் பேருரை வரைந்த ஹதீஸ் மேதை இப்னு ஹஜர் அஸ்கலானீ, கொள்ளைநோயைப் பற்றியே தனி நூலொன்று எழுதியவர். ஏட்டுச் சுரைக்காய் எழுதியவர் அல்லர்; தம் மகள்மார் மூவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். ஹிஜ்ரி 833 இல், அதாவது 1430 இல், தம் கண்முன் நடந்ததை அவர் எழுதுகிறார். கெய்ரோவில் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோர் இறந்துகொண்டிருந்தனர். மூன்று நாள் நோன்பு நோற்று, மக்கள் திரளாக வெளியே பாலைவெளிக்குச் சென்று கூட்டாக துஆச் செய்து திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் நாட்சாவு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. துஆ பயனற்றது என்பது இதன் பொருளன்று. அவரவர் இல்லத்திலிருந்து இறைஞ்சியிருந்தால் அவன் செவியுறாமலா இருந்திருப்பான்?

அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஸ்பெயின் நாட்டுக் கிரனடாவில் வாழ்ந்த அறிஞர் லிஸானுத்தீன் இப்னுல் கதீப், தொற்று என்பது கண்டறிந்த உண்மை என்று வாதிட்டார். நோயாளியின் ஆடையும் பாத்திரமும் காதணியும்கூட அதைக் கொண்டு செல்வதையும், நோயுள்ள நாட்டிலிருந்து வந்தவரால் துறைமுகங்களில் நோய் தொடங்குவதையும், ஒதுங்கி வாழ்ந்தோர் தப்பியதையும் அவர் சுட்டிக் காட்டினார்.

கப்பல்களும் விமானங்களும்

நீராவிக் கப்பல் வந்தபின் ஆபத்து பன்மடங்காயிற்று. 1865 ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவியது. பதினையாயிரம் ஹாஜிகள் மாண்டதாக மதிப்பிடப்பட்டது. திரும்பிய கப்பல்கள் அதை சூயஸுக்கும், அங்கிருந்து எகிப்து முழுவதற்கும், மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்கும் கொண்டு சென்றன. அடுத்த ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் பல நாட்டவர் கூடிய சுகாதார மாநாடு நடந்தது. 1882 இல் செங்கடலில் கமரான் தீவில் துருக்கியர் தடுப்பு முகாம் அமைத்தனர். தெற்கேயிருந்து வரும் ஹாஜிகள், நம் நாட்டுக் கப்பல்களில் சென்றோர் உட்பட, அத்தீவில் இறங்கிக் காத்திருந்தே ஜித்தா செல்ல வேண்டியிருந்தது. அங்கே பட்ட அல்லல்களைப் பற்றி முணுமுணுத்தோர் ஏராளம். அல்லல் உண்மையே. அந்த முகாம் வேண்டியதாயிருந்ததும் உண்மையே.

நம் கண்ணால் கண்டது 2020. பிப்ரவரி 27 அன்று சவூதி அரசு வெளிநாட்டு உம்ராப் பயணிகளின் வருகையை நிறுத்தியது. முந்திய ஆண்டு ஏறக்குறைய 25 லட்சம் பேர் நிறைவேற்றிய ஹஜ்ஜை, அவ்வாண்டு சவூதிக்குள்ளேயே இருந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டும் நிறைவேற்றினர். இந்தியாவில் விண்ணப்பித்திருந்தோர் இரண்டு லட்சத்துக்கும் மேல். கட்டிய பணம் பிடித்தமின்றித் திரும்பத் தரப்படும் என்று அறிவித்தார்கள். 2021 இலும் சவூதியில் இருந்தோருக்கே வாய்ப்பு; ஏறத்தாழ அறுபதாயிரம் பேர். 2022 இல் வெளிநாட்டினருக்கு வாயில் திறந்தபோது, அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு மட்டும் என்று விதி வந்தது.

அந்த விதியின் கூர்மை யாரைத் தைத்தது என்று எண்ணிப் பாருங்கள். 2020 இல் அறுபத்து நான்கு வயதில் பணம் கட்டியிருந்தவர் 2022 இல் அறுபத்தாறு. இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்துவிட்டு மீண்டும் பொறுத்திருக்க வேண்டியவரானார். சிலர் பொறுத்திருக்க உயிரோடு இல்லை. ஒத்திப்போட்டால் என்ன, பிறகு போகலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுபவர்கள் இவர்களை நினைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். பயணத்தை நிறுத்துவது சில வேளைகளில் என்றென்றைக்குமாக நிறுத்துவதாகிவிடும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அவர்கள் நிலை என்ன? தபூக் படையெடுப்பிலிருந்து திரும்பும்போது அண்ணலார் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஒன்று கூறினார்கள். மதீனாவிலேயே இருந்துவிட்ட சிலர், நீங்கள் கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் உங்களுடனேயே இருந்தார்கள், தக்க காரணமே அவர்களைத் தடுத்து நிறுத்தியது என்பது அதன் கருத்து. உமர் (ரலி) திரும்பிய ஸர்க்கும் அந்தத் தபூக் வழியில்தான் இருந்தது.

ஆகவே வாசகரே, இன்று உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தால், பயமா துணிவா என்று தொடங்காதீர்கள். போகுமிடத்தில் நோய் இருப்பது உறுதிதானா, வெறும் வதந்தியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கலீபாவுக்குச் செய்தி கொண்டுவந்தவர்கள் அந்நாட்டின் தளபதிகளே அன்றி வழிப்போக்கர் அல்லர். உடன் வருவோர் யார், திரும்பி வந்தால் யாரிடம் வருவீர்கள் என்று எண்ணுங்கள். மாறுபட்ட கருத்துடையவரையும் அழைத்துக் கேளுங்கள். கட்டிய பணத்தைக் கடைசியில் கணக்கிடுங்கள். பக்கத்து ஊர் நிக்காஹாயினும் இதே வழிதான். அழைத்தவர் மனம் கோணும் என்பதற்காகக் காய்ச்சலோடு பந்தியில் அமர்வது எந்த உறவையும் பேணியதாகாது. முடிவு செய்தபின், உமர் (ரலி) அவர்களைப் போல விடியற்காலையில் வாகனமேறிவிடுங்கள். பாதி வழியில் மீண்டும் மீண்டும் திரும்பிப் பார்த்து வருந்த வேண்டா.

கலீபாவின் அந்தப் பயணம் என்னவாயிற்று என்பதைச் சொல்லவில்லையே! கொள்ளைநோய் அடங்கியபின் உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குச் சென்றார்கள் என்று தபரீ தம் வரலாற்றில் எழுதுகிறார். அய்லா வழியாகச் சென்றார்கள். நெடும்பயணத்தில் பின்புறம் கிழிந்துபோன தம் சட்டையைத் துவைத்துத் தைத்துத் தரும்படி அவ்வூர்ப் பாதிரியாரிடம் கொடுத்தார்கள். அவர் அதையும் தைத்துக் கொடுத்து, புதிதாக ஒன்றையும் கொண்டுவந்தார். பழையதே வியர்வையை நன்றாக உறிஞ்சும் என்று கூறிக் கலீபா அதையே அணிந்துகொண்டார்கள். நோயில் மாண்டோர் விட்டுச் சென்ற சொத்துக்களை உரிய வாரிசுகளுக்குப் பங்கிட்டார்கள். உயிரோடிருப்போருக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தார்கள்.

தொழுகை நேரம் வந்தது. அண்ணலாரின் முஅத்தின் பிலால் (ரலி) அப்போது ஷாமில் இருந்தார். அவரைப் பாங்கு சொல்லச் சொல்லுங்கள் என்று மக்கள் கலீபாவிடம் வேண்டினர். கலீபா பணிக்க, பிலால் எழுந்து பாங்கு சொன்னார். நபிகளாரைக் கண்டிருந்தோர் அனைவரும் தாடி நனைய அழுதனர். அவர்களுள் மிகுதியாக அழுதவர் உமர் (ரலி).